ஆறு தலைமுறைக்கு முந்தைய அமெரிக்கத் தாத்தாவைத் தேடுவது எப்படி? நில, ராணுவ ஆவணங்களுக்கு ஒரு வழிகாட்டி

என் மாமியார் வீட்டில் ஒரு கதை உண்டு. ஆறு தலைமுறைக்கு முந்தைய தாத்தா ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டை போட்டாராம். அவருடைய வீரத்தை மெச்சி ஜெனரல் வாஷிங்டனே இந்தியானாவில் நிலம் எழுதிக் கொடுத்தாராம். எழுபது வயதில் மாமியாருக்கு டி.ஏ.ஆர். சங்கத்தில் சேர ஆசை வந்தது. புரட்சிப் போரில் பங்கெடுத்தவர்களின் வம்சாவளிப் பெண்களுக்காக 1890 இல் தொடங்கிய சங்கம் அது. சேர வேண்டுமானால் தாத்தாவின் போர்ச்சேவைக்கும், அவரிலிருந்து தன் வரைக்குமான ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் பொறுமையாக உட்காருகிற மருமகள் நான் ஒருத்திதான். வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று வருடம் ஆனது. அதில் ஒன்றரை வருடம் வேறு ஒரு ஆளைத் துரத்திக்கொண்டிருந்தேன். பெயர் மட்டும்தான் அதே பெயர். அமெரிக்கக் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழர்களோ, பிள்ளைகளின் இன்னொரு பக்க வேரைத் தேடுகிறவர்களோ இதைப் படித்தால் அந்த ஒன்றரை வருடமாவது மிச்சமாகும்.

ஒரு ஆறுதலும் உண்டு. தாய்ப்பத்திரம், வில்லங்கம், நான்கெல்லை, வாரிசு என்ற சொற்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை பாதி தெரிந்த வேலைதான். மதுரையில் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் அப்பாவோடு காத்திருந்த நாட்கள் எனக்கு இங்கே ரொம்பவே கைகொடுத்தன.

1. இன்றிலிருந்து பின்னோக்கி நடங்கள்

எல்லோரும் செய்யும் முதல் தப்பு, அந்தப் பெரிய தாத்தாவின் பெயரை நேராகத் தேடல் பெட்டியில் தட்டுவது. நானும் செய்தேன். நூறு பேர் வந்து நின்றார்கள்.

உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, தாத்தா பாட்டியின் இறப்புச் சான்று என்று ஒவ்வொரு படியாக இறங்குங்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தலைமுறையின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாத தாள் சங்கிலியில் சேராது.

பிறப்பு, இறப்புப் பதிவு எல்லா மாநிலத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கவில்லை. இந்தியானாவில் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பதியத் தொடங்கியது 1882 இல்தான். அதற்கு முந்தைய காலத்துக்குத் திருமணப் பதிவு, உயில், கல்லறைக் கல், சென்சஸ் ஆகியவற்றை நம்ப வேண்டும்.

சென்சஸ் 1790 இல் தொடங்கி பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கப்பட்டது. 72 வருடம் கழித்துத்தான் பொதுமக்கள் பார்க்க விடுவார்கள். இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். 1890 ஆம் வருடத்துப் பதிவில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போய்விட்டது, அங்கே ஒரு பள்ளம் இருக்கும். மிச்சமெல்லாம் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம். கணக்கு தொடங்கினால் போதும்.

முக்கியமான சுவர் 1850. அந்த வருடம்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார்கள். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. (அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1850 இலும் 1860 இலும் கூடப் பெயர் எழுதப்படவில்லை.) ஆகவே 1850 வரை நிதானமாக, ஆதாரத்தோடு வந்து சேருங்கள். நிலமும் ராணுவமும் வேலைக்கு வருவது சுவருக்கு அந்தப் பக்கம்.

2. அந்த வருடத்தில் அந்த ஊர் எந்தக் கவுண்டியில் இருந்தது?

நம்மூரில் மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே இருப்பது போல அங்கேயும் பிரித்தார்கள். தாத்தா ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்திருப்பார், அதற்குள் அவர் மூன்று கவுண்டிகளில் 'வாழ்ந்திருப்பார்'. மாநிலமே மாறிய கதையும் உண்டு. 1792 வரை கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. டென்னசி 1790 வரை வட கரோலினாவோடு இருந்தது, 1796 இல் மாநிலமானது. மேற்கு வர்ஜீனியா 1863 இல்தான் தனியானது.

ஏன் இது முக்கியம் என்றால், கவுண்டியைப் பிரித்தபோது பழைய ஏடுகள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிட்டன. இப்போதைய ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் "எதுவும் இல்லை" என்றுதான் பதில் வரும். சிகாகோவில் உள்ள நியூபெர்ரி நூலகம் தயாரித்த கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. தேதியைக் கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும். ஒவ்வொரு ஆவணத்தையும் தேடும் முன் ஒரு முறை அதைப் பாருங்கள்.

நியூ இங்கிலாந்து பக்கம் தேடுகிறவர்கள் கவனிக்க: கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்ட் மூன்றிலும் நிலப் பத்திரங்களைப் பதிவது கவுண்டி இல்லை, ஊர் அலுவலகம்.

3. நிலம் இரண்டு ஜாதி. எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இருபது மாநிலங்களில் நிலத்தை முதலில் கொடுத்தது அந்தந்தக் காலனியோ மாநிலமோதான். முதல் பதின்மூன்று காலனிகள், அவற்றிலிருந்து கிளைத்த வெர்மான்ட், மெய்ன், கென்டக்கி, டென்னசி, மேற்கு வர்ஜீனியா, கூடவே டெக்சாஸ், ஹவாய். மற்ற முப்பது மாநிலங்களிலும் மத்திய அரசு நிலத்தை அளந்து விற்றது அல்லது கொடுத்தது. முன்னதை மாநில நிலம் என்றும் பின்னதை மத்திய நிலம் என்றும் வைத்துக்கொள்வோம்.

மாநில நிலத்தில் எல்லை விவரம் நம்மூர் நான்கெல்லை மாதிரியேதான் இருக்கும். "ஓடைக்கரையில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்னாருடைய எல்லையோடு வடக்கே 40 போல் தூரம்" என்று போகும். ஒரு போல் என்பது பதினாறரை அடி; 160 சதுர போல் ஒரு ஏக்கர். மரம் இப்போது இருக்காது. ஆனால் பக்கத்து நிலக்காரர் பெயரும் ஓடையின் பெயரும் பொன்னுக்குச் சமம்.

மத்திய நிலம் சதுரங்கப் பலகை. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப்; அதில் 36 செக்‌ஷன்; ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதன் கால் பங்கு 160, காலில் கால் 40. ஆங்கிலத்தில் இந்த விவரத்தைச் சின்னதில் தொடங்கிப் பெரியதுக்குப் போய் எழுதுவார்கள், ஆகவே கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். தமிழில் சொல்லிப் பாருங்கள், தானே நேராகிவிடும்: "14 ஆம் செக்‌ஷனின் தென்மேற்குக் காலில் வடகிழக்குக் கால்". அது 40 ஏக்கர்.

ஒரு எச்சரிக்கை: டவுன்ஷிப் எண் (வடக்கு, தெற்காக எத்தனையாவது) ஒரு அடிக்கோட்டிலிருந்தும், ரேஞ்ச் எண் (கிழக்கு, மேற்காக எத்தனையாவது) ஒரு முதன்மைத் தீர்க்கக்கோட்டிலிருந்தும் எண்ணப்படுபவை. அந்தத் தீர்க்கக்கோடு எது என்று குறித்துக்கொள்ளாவிட்டால் அதே எண் வேறு மாநிலத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

4. தாய்ப்பத்திரத்தைப் பிடியுங்கள்

அரசிடமிருந்து முதல் ஆளுக்கு நிலம் போன தாளுக்கு இங்கே பேட்டன்ட் என்று பெயர். சில மாநிலங்களில் கிராண்ட். இதுதான் தாய்ப்பத்திரம்.

மத்திய நிலமாக இருந்தால் மத்திய அரசின் நில மேலாண்மை அமைப்பு நடத்தும் ஜிஎல்ஓ (பழைய பொது நில அலுவலகத்தின் பதிவுகள்) தளத்துக்குப் போங்கள். பெயர், மாநிலம், கவுண்டி கொடுத்தால் பேட்டன்டின் படமே கிடைக்கும், இலவசம். எங்கள் தாத்தா இப்படித்தான் முதலில் தலை காட்டினார்: இந்தியானாவில் 80 ஏக்கர், 1823. எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்தது என்று பேட்டன்டிலேயே எழுதியிருக்கும். வாஷிங்டன் எங்கே என்று தேடினேன். 1820 ஆம் வருடச் சட்டப்படி ரொக்க விற்பனை என்று இருந்தது. அந்தச் சட்டப்படி குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர், குறைந்தபட்சம் 80 ஏக்கர் வாங்க வேண்டும். ஆக, வீரத்துக்குப் பரிசு இல்லை. 100 டாலர் கட்டி வாங்கியிருக்கிறார். இதை மாமியாரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இங்கே சில பள்ளங்கள்:

பேட்டன்ட் தேதி குடியேறிய தேதி ஆகாது. பணம் கட்டி ஒரு வருடமோ அதற்கு மேலோ கழித்துத்தான் வாஷிங்டன் நகரத்திலிருந்து பேட்டன்ட் வரும்.

1800 முதல் 1820 வரை தவணை முறையில் நிலம் விற்றார்கள். தவணை கட்ட முடியாமல் விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பேட்டன்ட் கிடையாது, ஜிஎல்ஓவில் தேடினால் வர மாட்டார்கள். அந்தந்த நில அலுவலகத்தின் டிராக்ட் ஏடுகளில்தான் (எந்த நிலத் துண்டை யார் எடுத்தார் என்று எழுதிய ஏடு) இருப்பார்கள்.

பேட்டன்டுக்குப் பின்னால் ஒரு கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். எல்லாக் கோப்பும் காசு கொடுக்கும் அளவுக்கு இல்லை. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் பெற்றவருடைய கோப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஐந்து வருடம் குடியிருந்ததற்கான சாட்சியம், வீடு எத்தனை அறை, எத்தனை பிள்ளைகள், வெளிநாட்டில் பிறந்தவராக இருந்தால் குடியுரிமைத் தாள் என்று எல்லாம் இருக்கும். ரொக்க விற்பனைக் கோப்பில் பெரும்பாலும் ரசீதுதான். நான் 50 டாலர் கட்டிக் காத்திருந்து வாங்கியது இரண்டு தாள்.

மாநில நிலமாக இருந்தால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு முறை. வர்ஜீனியாவின் பேட்டன்டுகளும் கிராண்டுகளும் அந்த மாநில நூலகத் தளத்தில் படமாகவே உள்ளன. கென்டக்கிக்கு அம்மாநிலச் செயலரின் கீழுள்ள நில அலுவலகத் தளம் அருமையானது. அங்கே நிலம் பெற நான்கு படி: வாரன்ட் (இத்தனை ஏக்கர் பெறலாம் என்ற உரிமைச் சீட்டு), என்ட்ரி (இந்த இடம் வேண்டும் என்று பதிவது), சர்வே (அளப்பது), கிராண்ட் (தாய்ப்பத்திரம்). நான்கையும் தனித்தனியாகத் தேடுங்கள். வாரன்ட் வாங்கியவர் ஒருவர், அதை விலைக்கு வாங்கி சர்வே செய்தவர் இன்னொருவர், கிராண்ட் மூன்றாமவர் பெயரில் என்பது சகஜம். வாரன்டில் பெயர் இருப்பதால் அவர் அங்கே கால் வைத்தார் என்று ஆகாது.

கென்டக்கியில் இந்த நிலங்கள் ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வழக்கில் தோற்று ஊரை விட்டவர்கள் நிறைய. ஆபிரகாம் லிங்கனின் அப்பா தாமஸ் லிங்கன் 1816 இல் இந்தியானாவுக்குப் போனதற்கு ஒரு காரணமும் இந்தத் தகராறுதான். உங்கள் ஆள் திடீரென்று காணாமல் போனால் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே பாருங்கள்.

5. கிரயப் பத்திரங்கள்: பொறுமைக்குப் பலன் இங்கேதான்

பேட்டன்டுக்குப் பிறகு நிலம் கை மாறியதெல்லாம் கவுண்டி ஏடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு கவுண்டிக்கும் இரண்டு இன்டெக்ஸ்: விற்றவர் வரிசை, வாங்கியவர் வரிசை. இரண்டையும் பாருங்கள். வாங்கியதற்குப் பத்திரம் இருந்து விற்றதற்கு இல்லையென்றால், நிலம் வாரிசுக்குப் போயிருக்கிறது. உயில் ஏட்டைத் திறக்க வேண்டும். விற்றதற்கு இருந்து வாங்கியதற்கு இல்லையென்றால் அவருக்கே அது வாரிசாக வந்திருக்கலாம். நம்மூர் வில்லங்கம் பார்க்கிற அதே புத்திதான்.

2024 முதல் ஒரு பெரிய வசதி வந்திருக்கிறது. கையெழுத்து ஏடுகளைக் கணினியே படித்து, உள்ளே உள்ள எந்தச் சொல்லையும் தேடும்படி ஃபேமிலிசர்ச் செய்திருக்கிறது. 'முழுவாசகத் தேடல்' என்ற பகுதியில் பாருங்கள். இன்டெக்ஸில் வராத சாட்சிகள், பக்கத்து நிலக்காரர்கள், மருமகன்கள் எல்லாம் அகப்படுவார்கள். ஆனால் பழைய கையெழுத்தில் நீளமான எஸ் எழுத்தை எஃப் என்று படித்துவிடும். பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் "இல்லை" என்று முடிவு கட்டாமல் பழையபடி இன்டெக்ஸுக்குப் போங்கள்.

பத்திரத்தில் எதைப் படிப்பது? எல்லாவற்றையும். குறிப்பாக மனைவி. நிலத்தை விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறாள் என்று அவளைக் கணவன் இல்லாத இடத்தில் தனியாக விசாரித்து எழுதுவார்கள். வேறு எங்கேயும் பெயரே இல்லாத பாட்டிகள் இந்த ஒரு வரியில் உயிரோடு இருக்கிறார்கள். அப்புறம் விலை. "அன்பினாலும் பாசத்தினாலும்" என்றோ ஒரு டாலருக்கு என்றோ நிலம் போனால் வாங்கியவர் பெரும்பாலும் பிள்ளை அல்லது மருமகன். பதிவு செய்த தேதியையும் பாருங்கள். எழுதி இருபது வருடம் கழித்துப் பதிவு செய்த பத்திரங்களும் உண்டு. எழுதிய வருடத்து ஏட்டோடு நிறுத்திக்கொண்டால் தவறிவிடும்.

சொற்கள் ஏமாற்றும். அந்தக் காலத்தில் 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை என்று அர்த்தமில்லை. 21 வயது நிரம்பாதவர். 'சீனியர்', 'ஜூனியர்' என்பது அப்பா, மகன் ஆக வேண்டியதில்லை. ஊரில் அதே பெயரில் மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். மருமகன் என்று எழுதியிருப்பது மனைவியின் முதல் கணவர் பிள்ளையாகவும் இருக்கலாம். 1752 க்கு முன் புது வருடம் மார்ச் 25 இல் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் 1731/32 என்று இரட்டை வருடம் இருந்தால் பிழை என்று நினைத்து அடிக்காதீர்கள்.

சில ஏடுகளில் நிலத்தோடு மனிதர்களும் விற்கப்பட்டிருப்பார்கள். எங்கள் குடும்பத்துச் சொத்துப் பட்டியல் ஒன்றில் குதிரைக்கும் இரும்புச் சட்டிக்கும் நடுவே ஐந்து பெயர், பக்கத்தில் விலை. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏடு, பக்க எண்ணோடு பெயர்களைக் குறித்து வையுங்கள். அவர்களுடைய வம்சாவளியினருக்கு 1870 க்கு முன்னால் தேட இருக்கிற வாசல்களில் இதுவும் ஒன்று.

6. ஒரே பெயரில் இரண்டு பேர்: ஓடையை வைத்துப் பிரித்துப் பாருங்கள்

என் ஒன்றரை வருடம் போன இடம் இதுதான். கென்டக்கிக் கவுண்டி ஒன்றில் அதே பெயரில், ஏறக்குறைய அதே வயதில் இரண்டு பேர். இருவரும் வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்கள். ஒருவருக்குப் புரட்சிப் போர் பென்ஷன் கிடைத்திருந்தது. இணையத்தில் உள்ள குடும்ப மரங்கள் எல்லாம் இரண்டு பேரையும் ஒன்றாக ஒட்டி, பென்ஷன்காரருக்கு எங்கள் பாட்டியைக் கட்டி வைத்திருந்தன. ஒருவர் செய்த தப்பை அறுபது பேர் நகல் எடுத்திருந்தார்கள். அறுபது மரத்தில் இருப்பதால் அது உண்மை என்று நானும் நம்பினேன்.

பிரித்துக் கொடுத்தது வரிப் பட்டியல். வர்ஜீனியா, கென்டக்கி இரண்டின் 1790, 1800 சென்சஸ் ஏடுகளும் அழிந்துவிட்டன. ஆனால் வர்ஜீனியாவில் 1782 முதல் சொத்து வரிப் பட்டியல் வருடா வருடம் இருக்கிறது. கென்டக்கிப் பட்டியலில் ஒரு வரப்பிரசாதம்: ஒவ்வொருவரின் நிலமும் எந்த ஓடையை ஒட்டியது, யார் பெயரில் முதலில் பதிவானது என்று தனிப் பத்தி உண்டு. பத்து வருடப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒருவர் எப்போதும் ஒரு ஓடை, மற்றவர் எப்போதும் இன்னொரு ஓடை. பென்ஷன்காரர் கடைசிவரை தன் ஓடையை விட்டு நகரவேயில்லை. எங்கள் ஆள் ஒரு வருடம் பட்டியலிலிருந்து மறைகிறார். அடுத்து இந்தியானாவில் முளைக்கிறார்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள்: ஒரு கவுண்டியில் அந்தப் பெயருள்ள எல்லோரையும், உங்கள் ஆளை மட்டும் என்றில்லாமல், வருடம், ஓடை, ஏக்கர், பக்கத்து நிலக்காரர், மனைவி என்று அட்டவணை போடுங்கள். ஒரு மாலை வேலை. ராணுவப் பதிவைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் பென்ஷன் கோப்பில் இருப்பவர் உங்கள் ஆள்தானா என்று சொல்லப் போவது இந்த அட்டவணைதான்.

7. இப்போது ராணுவம்

புரட்சிப் போரின் பதிவுகள் 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் பிடித்த தீயில் எரிந்தன. 1814 இலும் கொஞ்சம் போயிற்று. சேவைப் பதிவுகள் என்று இப்போது கிடைப்பவை மிஞ்சிய ஆஜர் பட்டியல்களிலிருந்து பின்னால் தொகுத்த அட்டைகள். அவற்றில் பெயர், படைப்பிரிவு, தேதி இருக்கும். அப்பா பெயரோ சொந்த ஊரோ அபூர்வம். அதை வைத்து உறவை நிரூபிக்க முடியாது.

சரக்கு இருப்பது பென்ஷன் கோப்பில். சுமார் 80,000 கோப்புகள் உள்ளன. ராணுவப் பதிவுகளுக்கான சந்தாத் தளமான ஃபோல்ட்3 இல் உண்டு. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் காசு கொடுக்காமலேயே பார்க்கலாம். எண்ணுக்கு முன் எஸ் இருந்தால் வீரரே வாங்கியது, டபிள்யூ என்றால் விதவை, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்டது. இன்டெக்ஸில் உள்ள மாநிலம் அவர் எந்த மாநிலத்துக்காகச் சண்டை போட்டார் என்பதைக் குறிக்கும். கடைசியில் எங்கே வாழ்ந்தார் என்பது வேறு. இந்தியானாவில் தேடினால் எங்கள் ஆள் கிடைக்கவே மாட்டார்; வர்ஜீனியாவின் கீழ் இருந்தார்.

எந்த வருடச் சட்டத்தின் கீழ் மனு என்று பாருங்கள். 1818 சட்டம் வறுமையில் இருந்தவர்களுக்கு. 1820 முதல் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் சில சமயம் வீட்டிலுள்ளவர்களின் பெயரும் வயதும் கிடைக்கும். 1832 சட்டம் மிலிஷியாவில் (ஊர்க்காரர்களை அவ்வப்போது அழைத்துத் திரட்டிய படை) ஆறு மாதமாவது சேவை செய்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த மனுவில் நீதிமன்றத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வரையறுக்கப்பட்டிருந்தன: எங்கே, எந்த வருடம் பிறந்தீர், வயதுக்கு ஆதாரம் என்ன, அழைக்கப்பட்டபோது எங்கே வசித்தீர், அதன் பிறகு எங்கெங்கே, யாருக்காவது பதிலாகப் போனீரா, உம்மைத் தெரிந்த அக்கம்பக்கத்தார் யார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதரின் வாழ்க்கைக் கதையே அவர் வாயால். எழுபது வயதுக்கு மேல் நினைவிலிருந்து சொன்னது என்பதால் வருடங்கள் ஒன்றிரண்டு பிசகும்.

விதவைக் கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். திருமணத்தை நிரூபிக்க வேண்டி, குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய பக்கத்தையே கிழித்து இணைத்திருப்பார்கள்.

நிராகரிக்கப்பட்ட கோப்பைத் தள்ளாதீர்கள். எங்கள் தாத்தாவுடையது அதுதான். 1833 இல் இந்தியானா நீதிமன்றத்தில் நின்று, 1781 இல் வர்ஜீனியா மிலிஷியாவில் இரண்டு தடவை போனதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் ஐந்து மாதம் கூட வரவில்லை. ஆறு மாதம் இல்லை என்று மனு தள்ளுபடி. அதை எதிர்த்து மறுபடி எழுதியிருக்கிறார், சாட்சி சேர்த்திருக்கிறார். ஆகவே கோப்பு தடித்துவிட்டது. அதில் தன் கென்டக்கி ஓடையின் பெயரைச் சொல்கிறார். சாட்சி சொன்னவர், என் அட்டவணையில் ஏழு வருடமாக அவருக்குப் பக்கத்து நிலக்காரர். ராத்திரி ஒரு மணிக்கு அதைப் படித்துவிட்டுக் கணவரை எழுப்பினேன். "காலையில் சொல்லேன்" என்றார்.

போர்ச்சேவைக்கு நிலம் கொடுத்ததும் உண்மைதான், அது தனிச் சரடு. மத்திய அரசு சாதாரண வீரருக்கு 100 ஏக்கர் என்று வைத்தது, கர்னலுக்கு 500. மாநிலங்கள் தனியாகக் கொடுத்தன: நியூயார்க் சாதாரண வீரருக்கு 600 ஏக்கர் வரை கொடுத்தது, வர்ஜீனியா மூன்று வருடம் முழுதாகச் சேவை செய்தவர்களுக்கு மட்டும், மிலிஷியாவுக்கு இல்லை. 1812 போருக்கு 160 ஏக்கர்; இலினாய், மிசௌரி, ஆர்கன்சா பகுதிகளில். 1855 சட்டம் வெறும் 14 நாள் சேவைக்கே 160 ஏக்கர் என்றது. பள்ளம் என்னவென்றால், வாரன்ட் வாங்கிய வீரர்களில் பெரும்பாலோர் அதைத் தரகரிடம் விற்றுக் காசாக்கினார்கள். பேட்டன்டில் இரண்டு பெயர் இருந்தால் ஒருவர் வீரர், மற்றவர் அதை வாங்கியவர். உங்கள் தாத்தா இரண்டாமவராக இருந்தால் அவர் போருக்கே போகாதவராக இருக்கலாம். குடும்பக் கதைகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் சந்தேகம்.

உங்கள் ஆள் அடுத்த தலைமுறை என்றால் 1812 போர் பென்ஷன் கோப்புகள் ஃபோல்ட்3 இல் இலவசம். உள்நாட்டுப் போரில் தென்பக்கம் நின்றவருக்குப் பென்ஷன் கொடுத்தது மாநிலங்கள்; அதை அந்தந்த மாநிலக் காப்பகத்தில் கேளுங்கள்.

8. செலவும் காலமும்

முதலில் இலவசத்தைத் தீர்த்துவிடுங்கள்: ஃபேமிலிசர்ச், ஜிஎல்ஓ, மாநிலக் காப்பகத் தளங்கள். ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்துக்கு வீட்டிலிருந்து சந்தா கட்டும் முன் ஊர் நூலகத்தைக் கேளுங்கள். பல நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து காசில்லாமல் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச்சில் சில படங்கள் வீட்டில் திறக்காது, அவர்களுடைய மையத்துக்கோ இணைந்த நூலகத்துக்கோ போனால் திறக்கும். எங்கள் ஊர் மையத்தில் சனிக்கிழமை காலை ஒரு பெரியவர் இருப்பார். பழைய கையெழுத்தை அவர் படிப்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் நகல் கேட்டால், நான் கேட்ட சமயத்தில் நிலக் கோப்பு 50 டாலர், உள்நாட்டுப் போருக்கு முந்தைய முழுப் பென்ஷன் கோப்பு 55, சேவைப் பதிவு 30. கட்டும் முன் இன்றைய கட்டணத்தைச் சரிபாருங்கள், ஏற்கெனவே இணையத்தில் படமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் ஒரு கோப்புக்கு 55 டாலர் கட்டிய மறுவாரம் அதை இலவசமாகப் பார்த்தேன். நகல் வர மாதக்கணக்கில் ஆகும். கவுண்டி அலுவலகங்களில் பல இடத்தில் பக்கத்துக்கு ஒரு டாலர் வாக்கில் வாங்குகிறார்கள். ஏடு எண், பக்க எண் இரண்டும் எழுதிக் கேளுங்கள். "இந்தக் குடும்பத்தைப் பற்றி இருப்பதெல்லாம் வேண்டும்" என்று நான் எழுதிய கடிதத்துக்கு ஓர் அலுவலகத்திலிருந்து இன்றுவரை பதில் இல்லை. தப்பு என்மேல்தான்.

நேரில் போவதானால் முதல் நாளே போன் செய்து, பழைய ஏடுகள் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்று கேளுங்கள். நாலு மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஏடுகள் மாநிலக் காப்பகத்துக்குப் போய்விட்டன என்று கேட்டு வந்தவள் நான்.

மொத்தமாக எனக்கு 400 டாலருக்குள் முடிந்தது. அதில் பாதி வீண்.

9. தாள்களை அடுக்குவது

சங்கத்துக்கு மனு போடாவிட்டாலும் போடப்போவது போலவே அடுக்குங்கள். தலைமுறைக்கு ஓர் உறை. அதில் பிறப்பு, திருமணம், இறப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக முந்தைய தலைமுறையோடு இணைக்கும் தாள். ஒவ்வொரு நகலின் ஓரத்திலும் எங்கிருந்து எடுத்தது, ஏடு, பக்கம், பார்த்த தேதி என்று பென்சிலில் எழுதுங்கள்.

டி.ஏ.ஆரின் வம்சாவளித் தேடல் தளம் எல்லோருக்கும் இலவசம். உங்கள் ஆளின் பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். பழைய மனுக்களைத் தளர்வான ஆதாரத்தில் ஏற்றிருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவற்றில் சிவப்பு எழுத்தில் குறிப்பு இருக்கும். அதை மறுபடி நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

பென்ஷன் கிடைக்காததைப் பார்த்து நான் கவலைப்பட்டேன். மனு பொய் என்று தள்ளப்பட்டதா, மாதம் போதவில்லை என்று தள்ளப்பட்டதா என்பதுதான் கேள்வி. ஐந்து மாதத்துக்கும் குறைவான சேவையும் சேவைதான் என்று மாமியாரின் மனு ஏற்கப்பட்டது.

80 ஏக்கர் பேட்டன்டின் நகலைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் ஜெனரல் வாஷிங்டன் கதையைத்தான் இன்னும் சொல்கிறார். 100 டாலர் ரசீதின் நகல் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.